மரமுளையைத் தள்ளிய எண்ணெய்
சுழலும் தண்டைத் தாங்கும் அமுக்கத்தின் வரலாறு

சக்கரம் சுழலத் தொடங்கிய நாள்தொட்டே அதன் அச்சுக்கு எண்ணெய் வேண்டும் என்பதை மனிதன் அறிந்திருந்தான். அச்சுக் கீச்சிட்டால் எண்ணெய் விடவேண்டும். சூடேறினால் இன்னும் சிறிது கூடுதலாக விடவேண்டும். இந்தப் பட்டறிவு ஏட்டில் எழுதப்படாமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. ஆயின், அவ்வெண்ணெய் அங்கே செய்யும் தொழில்தான் யாது என்ற வினாவுக்குத் திருத்தமான விடை கிடைத்தது 1883ஆம் ஆண்டுக்கும் 1886ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய காலத்திலேயாகும். நீராவி இயந்திரம் தோன்றிப் புகையிரதம் கண்டங்களைக் கடந்து ஓடத் தொடங்கிய பின்னரும், அவற்றின் தண்டுகளை எது தாங்கி நிற்கிறது என்பதை அவற்றை ஆக்கியோரே அறியாதிருந்தனர்.

மோட்டார் எஞ்சின்களோடு பழகியோர் எண்ணெய் அமுக்கம் என்ற தொடரை நன்கறிவர். அமுக்கமானி பொருத்தப்பட்ட வாகனத்தில் எஞ்சினின் வேகம் கூடும்போது முள் உயர்வதையும், எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது அது தாழ்வதையும் காணலாம். இதனைக் காண்போர், பம்பி கொடுக்கும் அந்த அமுக்கமே தண்டைத் தூக்கி நிறுத்துகிறது என எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வெண்ணம் பிழையானது. அமுக்கமானி காட்டும் அமுக்கம் ஒன்று. தண்டைத் தாங்கும் அமுக்கம் வேறொன்று. முன்னையது பம்பியினால் உண்டாவது. பின்னையதைத் தண்டு தன் சுழற்சியினால் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இவ்விரண்டும் வேறுவேறென்பது எவ்வாறு தெரியவந்தது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

உலர் உராய்வின் விதிகள்

உராய்வு பற்றிய முறையான சிந்தனை இத்தாலியில் லியொனார்டோ டா வின்சியிடம் தொடங்குகிறது. ஒரு பொருளை இழுக்கும்போது தோன்றும் உராய்வு அதன் பாரத்துக்கேற்பக் கூடுகிறது என்பதையும், தொடுபரப்பின் அளவு அதனைப் பாதிப்பதில்லை என்பதையும் அவர் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அக்குறிப்பேடுகள் நெடுங்காலம் வெளியுலகின் பார்வைக்கு வராமையால் அவ்வுண்மைகள் மீண்டும் கண்டறியப்பட வேண்டியிருந்தது. 1699இல் பிரான்சைச் சேர்ந்த கியோம் அமொந்தொன் அவற்றைப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். 1781இல் சார்ள்ஸ் ஒகுஸ்தென் கூலோம் விரிவான பரிசோதனைகளால் அவற்றை உறுதிசெய்து, பொருள்கள் வழுக்கத் தொடங்கிய பின்னர் உராய்வு வேகத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கூறினார்.

இவ்விதிகள் உலர்ந்த பரப்புகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறியியலாளர் எண்ணெய் இட்ட பரப்புகளுக்கும் இவையே பொருந்தும் என்று கருதினர். எண்ணெய் இரு உலோகப் பரப்புகளின் கரடுமுரடுகளை நிரப்பி, வழுக்கலை எளிதாக்கும் ஒரு பூச்சு என்பதே அவர்களின் மனச்சித்திரம். இச்சித்திரத்தின்படி தண்டு எப்போதும் தாங்கியைத் தொட்டுக்கொண்டே இருக்கும், எண்ணெய் அத்தொடுகையை மென்மையாக்கும், அவ்வளவே.

ஒரு மனச்சித்திரம் பிழையாக இருந்தால் அதனைச் சார்ந்து செய்யப்படும் செயல்களும் பிழைபடும். அக்காலத்துத் தாங்கிகளில் எண்ணெய் விடுவதற்கான துளை, தாங்கியின் உச்சியில், பாரம் முழுவதும் வந்து அழுத்தும் இடத்தின் நடுவே இடப்பட்டது. தேய்வு நிகழும் இடத்திலேயே எண்ணெய் சேரவேண்டும் என்பது அதற்குக் காரணம். எளிதில் ஒப்புக்கொள்ளத்தக்க காரணந்தான். ஆயினும் அத்துளை பெருந்தீங்கு விளைத்து வந்தது என்பதை எவரும் அறியவில்லை. புகையிரதங்களின் அச்சுப் பெட்டிகள் வெப்பமேறிக் கெடுவது அந்நாளைய போக்குவரத்தின் ஓயாத தொல்லைகளுள் ஒன்றாக இருந்தது. அச்சுப்பெட்டி கொதித்தால் வண்டி நின்றுவிடும். அச்சு ஒடிந்தால் உயிர்களே போய்விடும்.

பாதி உண்மையைக் கண்ட இருவர்

பழைய மனச்சித்திரத்தை முதன்முதலில் அசைத்தவர் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த குஸ்தாவ் அடொல்ப் ஹிர்ன் என்பவர். கொல்மார் நகருக்கு அண்மையில் லொகெல்பாக் என்னுமிடத்திலிருந்த துணி ஆலையிற் பணிபுரிந்த அவர், ஆலை இயந்திரங்கள் உராய்வினால் இழக்கும் சக்தியை அளக்க முற்பட்டார். 1854இல் வெளியான அவரது ஆய்வு, நன்கு எண்ணெயிடப்பட்ட தாங்கிகள் கூலோமின் விதிகளுக்குக் கட்டுப்படவில்லை என்பதைக் காட்டியது. அவற்றின் உராய்வு வேகத்தோடு கூடியது. எண்ணெயின் பாகுநிலையையும் சார்ந்திருந்தது. பாகுநிலை என்பது ஒரு திரவத்தின் படைகள் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்வதை எதிர்க்கும் தன்மையாகும். உராய்வு இத்தன்மையைச் சார்ந்துள்ளது எனில், உராய்வது உலோகமன்று, எண்ணெயே என்பது பெறப்படும். ஆயினும் ஹிர்னின் கருத்துப் பொறியியலாளரிடையே உடனடியாக வேரூன்றவில்லை.

இரண்டாமவர் உருசியாவின் நிக்கொலாய் பெற்றோவ். சென் பீற்றர்ஸ்பேக்கில் பேராசிரியராக இருந்த இவர் புகையிரதத்துறையோடு நெருங்கிய தொடர்புடையவர். அக்காலத்தில் அச்சுகளுக்குத் தாவர எண்ணெய்களும் விலங்குக் கொழுப்புகளுமே பெரிதும் பயன்பட்டன. கோக்கேசியப் பகுதியிலே, பாக்கு நகரை அண்டிய கிணறுகளிலிருந்து கனிய எண்ணெய் பெருகி வந்துகொண்டிருந்தது. மலிவான அவ்வெண்ணெயை விலையுயர்ந்த பழைய எண்ணெய்களுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா என்ற நடைமுறை வினாவே பெற்றோவை இவ்வாய்வுக்கு இட்டுச் சென்றது.

1883இல் அவர் வெளியிட்ட ஆய்வு தெளிவானது. தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே முழுமையான எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது எனக் கொண்டால், உராய்வு நான்கு கணியங்களால் துணியப்படும்: எண்ணெயின் பாகுநிலை, தண்டின் மேற்பரப்பு வேகம், அப்பரப்பின் அளவு, படலத்தின் தடிப்பு. முதல் மூன்றும் கூட உராய்வு கூடும். படலம் தடிக்க உராய்வு குறையும். பெற்றோவின் சமன்பாடு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

ஆனால் அவர் ஒன்றைக் கேட்கவில்லை. தண்டு தாங்கியின் நட்டநடுவே, எப்பக்கமும் சமமான இடைவெளியோடு நிற்பதாக அவர் எடுத்துக்கொண்டார். பல தொன் பாரத்தைச் சுமக்கும் தண்டு நடுவிலே மிதப்பது எவ்வாறு? அதனைக் கீழே விழாமல் தாங்கும் விசை எங்கிருந்து வருகிறது? பெற்றோவின் சமன்பாட்டில் இதற்கு விடையில்லை. அவர் உராய்வைக் கணித்தார், தாங்குதலைக் கணிக்கவில்லை. விடையின் மறுபாதி அதே ஆண்டில் இலண்டனில், எவரும் தேடாத வேளையில் வெளிப்பட்டது.

இலண்டனில் ஒரு துளை

1847இல் தொடங்கப்பட்ட பிரித்தானிய இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம், 1879இல் ஆராய்ச்சிக்குரியனவாகச் சில பொருள்களைத் தெரிந்தெடுத்தது. உயர் வேகத்தில் நிகழும் உராய்வு அவற்றுள் ஒன்று. அதற்கான பரிசோதனைகள் பீச்சம் ரவர் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1845இற் பிறந்த ரவர், கப்பல்களின் மாதிரியுருக்களைக் கொண்டு நீர்த்தடையை ஆராய்ந்த வில்லியம் புரூட் என்பாரிடம் உதவியாளராகப் பணிபுரிந்தவர். கோளவடிவான நீராவி இயந்திரம் ஒன்றைப் புனைந்தவர். பெரிய கணித அறிஞரல்லர். ஆனால் கண்ணெதிரே நிகழ்வதைக் கூர்ந்து நோக்கும் இயல்பினர்.

மெற்றோபொலிற்றன் புகையிரதக் கம்பனியின் எட்ஜ்வேர் வீதித் தொழிற்சாலையில் அவரது பரிசோதனை இயந்திரம் அமைந்தது. 4 அங்குல விட்டமும் 6 அங்குல நீளமுமுடைய உருக்குத் தண்டின்மேல் வெண்கலத் தாங்கி ஒன்று கவிழ்ந்து அமர்ந்திருந்தது. புகையிரத அச்சுப்பெட்டியிற் போன்றே தாங்கி தண்டின் மேற்பகுதியை மட்டும் மூடியிருந்தது; பாரம் மேலிருந்து கீழ்நோக்கி அழுத்தியது. தண்டின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் அமிழ்ந்திருந்தது. தண்டு சுழலும்போது எண்ணெய் அதன் பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலேறித் தாங்கிக்குட் புகுந்தது. ஒலிவ எண்ணெய், பன்றிக்கொழுப்பு எண்ணெய், திமிங்கில எண்ணெய், கனிய எண்ணெய் எனப் பல எண்ணெய்கள் பரிசோதிக்கப்பட்டன.

முடிவுகள் ரவரை வியப்பில் ஆழ்த்தின. எண்ணெய்த் தொட்டி முறையில் உராய்வு மிகமிகக் குறைவாக இருந்தது. உராய்வுக் குணகம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக்கூடத் தாழ்ந்தது. மேலும், பாரத்தைக் கூட்டியபோதும் மொத்த உராய்வு பெரிதாகக் கூடவில்லை. அமொந்தொன், கூலோம் ஆகியோரின் விதி இங்கே முற்றாகப் பொய்த்தது. தாங்கி உலோகத்தோடு உலோகம் உராய்வதுபோன்று நடந்துகொள்ளவில்லை. திரவத்தினுள் ஒரு பொருள் நகர்வதுபோன்று நடந்துகொண்டது.

இந்நிலையில் வழக்கமான முறையையும் பரிசோதித்துப் பார்க்கும் நோக்குடன் ரவர் தாங்கியின் உச்சியில் அரை அங்குல விட்டமுள்ள துளையொன்றை இட்டார். சாதாரண எண்ணெய்க் கிண்ணத்தைப் பொருத்துவதற்கான துளை அது. இயந்திரத்தை மீண்டும் இயக்கியபோது, எண்ணெய் உட்செல்லவேண்டிய அத்துளையினூடாக எண்ணெய் மேலெழுந்து வழியத் தொடங்கிற்று. எண்ணெய் சிந்துவதைத் தடுக்கத் துளையில் ஒரு தக்கை செருகப்பட்டது. தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை ஒன்று அடிக்கப்பட்டது. அதுவும் மெல்ல மெல்ல மேலெழுந்து வெளியேறியது.

இத்தகைய நிகழ்ச்சி அதற்கு முன்னரும் எத்தனையோ தொழிற்சாலைகளில் நிகழ்ந்திருத்தல் கூடும். எண்ணெய் சிந்துவது ஒரு தொல்லை. அதனைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வதே வழமை. ரவர் அவ்வாறு செய்யவில்லை. முளையைத் தள்ளும் விசை இருக்குமாயின் அதனை அளக்கலாம் என்பதை அவர் உணர்ந்தார். துளையில் ஓர் அமுக்கமானியைப் பொருத்தினார். அது சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் வரை அளக்க வல்லது. முள் அந்த எல்லையையும் கடந்து சென்றது. தாங்கியின்மேல் இருந்த பாரத்தை அதன் பரப்பினால் வகுத்தாற் கிடைக்கும் சராசரி அமுக்கமோ 100 இறாத்தல் மட்டுமே.

இயந்திரத்திற் பம்பி எதுவும் இருக்கவில்லை. தொட்டியில் இருந்த எண்ணெய் வளியமுக்கத்திலேயே இருந்தது. ஆயினும் தாங்கியின் உச்சியில் வளியமுக்கத்தைப்போலப் பன்மடங்கு அமுக்கம் நிலவியது. அதனை உண்டாக்கத்தக்கது சுழலும் தண்டைத் தவிர வேறொன்றும் அங்கு இல்லை. தண்டே பம்பியாகத் தொழிற்பட்டது.

1883 நவம்பரில் ரவரின் முதலாவது அறிக்கை வெளியாயிற்று. 1885இல் வெளியான இரண்டாவது அறிக்கையில் அவர் ஒருபடி மேலே சென்றார். தாங்கியின் பல இடங்களில் அமுக்கத்தை அளந்து, அதன் பரம்பலை வரைந்தார். நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்தில், உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 625 இறாத்தலாக இருந்தது. ஓரங்களை நோக்கி அது படிப்படியாகக் குறைந்தது. இவ்வமுக்கங்கள் அனைத்தையும் பரப்பின்மேல் கூட்டியபோது கிடைத்த மேல்நோக்கிய மொத்த விசை 7988 இறாத்தல். தாங்கியின்மேல் இடப்பட்டிருந்த பாரம் 8008 இறாத்தல். வேறுபாடு 20 இறாத்தல் மட்டுமே. பாரம் முழுவதையும் எண்ணெயே சுமந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடவேயில்லை.

உச்சித்துளையின் குற்றமும் இப்போது விளங்கிற்று. எண்ணெய் எங்கே மிகக் கூடிய அமுக்கத்தோடு நின்று பாரத்தைத் தாங்கவேண்டுமோ அங்கேயே துளையிட்டு அது தப்பியோட வழிசெய்து வந்தனர். துளையிலிருந்து எண்ணெயைப் பரப்புவதற்காகத் தாங்கியின் நீளத்துக்கு வெட்டப்பட்ட தவாளிப்பு இக்கேட்டை மேலும் மிகுவித்தது. அவ்வாறான தாங்கி ரவரின் இயந்திரத்திற் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் பாரத்தைத் தாங்கவே இடர்ப்பட்டது. துளையும் தவாளிப்பும் இல்லாத தாங்கியோ எண்ணெய்த் தொட்டி முறையில் 500 இறாத்தலுக்கு மேல் தாங்கிற்று.

றெனோல்ட்ஸ் கண்ட ஆப்பு

ரவரின் அளவீடுகள் ஓர் உண்மையை நிலைநாட்டின. ஆனால் அதன் காரணத்தைக் கூறவில்லை. அதனைக் கூறியவர் ஒஸ்போண் றெனோல்ட்ஸ். 1842இற் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த இவர், 1868 முதல் மான்செஸ்ரரில் ஓவன்ஸ் கல்லூரியின் பொறியியற் பேராசிரியராக இருந்தவர். குழாய்களில் நீர் சீராகப் பாய்வதும் கொந்தளித்துப் பாய்வதும் பற்றி 1883இல் அவர் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ரவரின் பரிசோதனைகளை விளக்கும் அவரது ஆய்வுரை 1886இல் றோயல் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது.

றெனோல்ட்ஸ் கண்ட விளக்கத்தைச் சமன்பாடுகளின்றியும் கூறமுடியும். தாங்கியின் உள்விட்டம் தண்டின் விட்டத்திலும் மிகச் சிறிதளவு பெரியது. பாரம் ஏறும்போது தண்டு நடுவிலிருந்து விலகுகிறது. ஆகவே இடைவெளி எங்கும் சமமாக இராது. ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும் ஆப்புப்போன்ற வடிவைப் பெறும். எண்ணெய் தண்டின் பரப்பில் ஒட்டிக்கொள்வதால் தண்டு சுழலும்போது அதுவும் இழுத்துச் செல்லப்படுகிறது. அகன்ற வாயிலால் உள்ளே இழுக்கப்படும் எண்ணெய் முழுவதும் ஒடுங்கிய வழியால் எளிதில் வெளியேற முடியாது. திருவிழாக் கூட்டம் அகன்ற வீதியிலிருந்து குறுகிய ஒழுங்கைக்குட் புகும்போது நெரிசல் உண்டாவது போன்று, எண்ணெயில் அமுக்கம் ஏறுகிறது. அவ்வமுக்கம் தண்டைத் தாங்கியிலிருந்து விலக்கி நிறுத்துகிறது.

ஆகவே இதற்கு மூன்று பொருள்கள் தேவை: ஒடுங்கிச் செல்லும் இடைவெளி, அதனுட் பரப்பின் அசைவு, பாகுநிலையுள்ள திரவம். இவற்றுள் ஒன்று குறையினும் அமுக்கம் தோன்றாது. பெற்றோவின் தண்டு நடுவில் நின்றமையால் அங்கே ஆப்பு இருக்கவில்லை. ஆகையால் தாங்குவிசையும் இருக்கவில்லை. பெற்றோவ் விட்ட இடைவெளியை றெனோல்ட்ஸ் நிரப்பினார்.

இக்கொள்கையிலிருந்து வேகம் பற்றிய ஓர் உண்மை பெறப்படுகிறது. பாரம் மாறாதிருக்குமாயின், வேகம் கூடுவதனால் எண்ணெய்ப் படலம் தரும் மொத்தத் தாங்குவிசை கூடுவதில்லை. அது எப்போதும் பாரத்துக்குச் சமமாகவே இருத்தல் வேண்டும். கூடினால் தண்டு மேலெழும், குறைந்தால் கீழிறங்கும். வேகத்தோடு கூடுவது அமுக்கமன்று, படலத்தின் தடிப்பாகும். தண்டு விரைந்து சுழலச் சுழல நடுவை நோக்கி நகர்கிறது; ஓரிடத்திற் குவிந்திருந்த அமுக்கம் அகன்று பரவ, அதன் உச்சமும் தணிகிறது. வேகம் குறைந்தால் தண்டு தாங்கியை அணுகுகிறது, படலம் மெலிகிறது, மெலிந்த இடத்தில் அமுக்கம் கூர்மையடைகிறது. வேகம் மேலும் குறைந்து படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும். ஓய்விலிருந்து தொடங்கும் ஒவ்வொரு முறையும் தண்டு இவ்வாபத்தான நிலையைக் கடந்தே செல்லவேண்டும்.

கொள்கையிலிருந்து தொழிற்சாலைக்கு

1902இல் ஜேர்மனியின் றிச்சாட் ஸ்ரிபெக், வேகத்தோடு உராய்வு மாறும் முறையை விரிவாக அளந்து வெளியிட்டார். மிகக் குறைந்த வேகத்தில் உராய்வு மிகுதி; வேகம் கூட அது விரைந்து தாழ்ந்து ஒரு சிறுமத்தை அடையும்; அதன்பின் மெல்ல உயரும். இறங்கும் பகுதியில் உலோகங்கள் இன்னமும் தொட்டுக்கொள்கின்றன. உயரும் பகுதியில் எண்ணெய் மட்டுமே உராய்கிறது. ஒருவர் உராய்வு வேகத்தைச் சாராது என்றும், மற்றொருவர் அது வேகத்தோடு கூடும் என்றும் கூறியமை ஒரே வளைகோட்டின் வெவ்வேறு பகுதிகளைக் கண்டதனால் விளைந்த முரண்பாடே என்பது இதனால் தெளிவாயிற்று. 1904இல் பௌதிக அறிஞர் ஆர்னோல்ட் சொமர்பெல்ட் றெனோல்ட்சின் சமன்பாட்டுக்கு ஓர் அழகிய கணிதத் தீர்வைக் கண்டார்.

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரைச் சேர்ந்த ஏ. ஜி. எம். மிச்செல், 1905இல் சாயும் தட்டுகளைக் கொண்ட உதைப்புத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஐக்கிய அமெரிக்காவின் அல்பேட் கிங்ஸ்பரி தனித்து முயன்று அதே அமைப்பைக் கண்டு 1910இற் காப்புரிமை பெற்றார். இத்தாங்கியின் தட்டுகள் தாமே சிறிது சாய்ந்து எண்ணெய் ஆப்பை ஆக்கிக்கொள்வன. 1912இல் பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் கிங்ஸ்பரியின் தாங்கி பொருத்தப்பட்டது. பெருங் கப்பல்களின் உந்துதண்டுகளும் நீர்மின் நிலையங்களின் பார்சுழலிகளும் இத்தகைய தாங்கிகளின்மேலேயே சுழல்கின்றன. றெனோல்ட்சின் ஆய்வுரை வெளியாகி 30 ஆண்டுகளுக்குள், காகிதத்தில் எழுதிய ஆப்பு நூற்றுக்கணக்கான தொன் பாரத்தைத் தாங்கும் உலோகமாயிற்று.

எஞ்சினில் இரு அமுக்கங்கள்

விரைந்தோடும் நீராவி இயந்திரங்களுக்குப் பம்பியினால் எண்ணெய் செலுத்தும் முறையைப் பேமிங்ஹாமில் பெலிஸ் கம்பனியில் வரைஞராக இருந்த ஏ. சி. பெயின் 1890இற் புனைந்து காப்புரிமை பெற்றார். மோட்டார் எஞ்சின்களில் இம்முறை உடனே பரவவில்லை. 1908இல் வெளிவந்த போட் கம்பனியின் ரீ மாதிரி காரில் எண்ணெய்ப் பம்பியே இல்லை. சுழலும் உறுப்புகள் வாரி இறைத்த எண்ணெயே தாங்கிகளுக்குப் போதியதாயிற்று. அவ்வாறு இறைக்கப்பட்ட எண்ணெய்க்குச் சொல்லத்தக்க அமுக்கம் எதுவும் இல்லை. எனினும் அக்காரின் கிராங்குத்தண்டு எண்ணெய்ப் படலத்தின்மீதே சுழன்றது. பம்பியின் அமுக்கம் தண்டைத் தாங்குவதில்லை என்பதற்கு இது நடைமுறைச் சான்றாகும்.

எஞ்சின்களின் வேகமும் வலுவும் கூடக்கூட, இறைத்தல் முறை போதாமற் போயிற்று, பம்பி இன்றியமையாததாயிற்று. அதன் தொழில் எண்ணெயைத் தாங்கியின் வாயில்வரை கொண்டு சேர்ப்பதும், புதிய எண்ணெயால் வெப்பத்தை அகற்றுவதுமாகும். ஓர் எளிய கணிப்பு இதனை விளக்கும். ஓர் ஆடுதண்டின் பெருமுனைத் தாங்கி 5 சென்ரிமீற்றர் விட்டமும் 2 சென்ரிமீற்றர் அகலமும் உடையதாயின் அதன் எறியப் பரப்பு 10 சதுர சென்ரிமீற்றர். பம்பியின் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 4 கிலோகிராம் எனின், அது முழுப்பரப்பிலும் தாக்கினாற்கூட 40 கிலோகிராம் பாரத்தையே தாங்கும். ஆனால் 7.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஆடுதண்டுத் தலையை, அதாவது பிஸ்டனை, சதுர சென்ரிமீற்றருக்கு 60 கிலோகிராம் அமுக்கமுள்ள எரிவாயு தள்ளும்போது அத்தாங்கியின்மேல் 2600 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசை வந்து விழுகிறது. மிகுதியைத் தாங்குவது றெனோல்ட்சின் ஆப்பேயாகும்.

இனி, அமுக்கமானியின் முள் வேகத்தோடு உயர்வது ஏன்? பற்சில்லுப் பம்பி எஞ்சினாலேயே சுழற்றப்படுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது குறித்த அளவு எண்ணெயைத் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளப்படும் எண்ணெயும் ஏறத்தாழ இரட்டிக்கும். அவ்வெண்ணெய் தாங்கிகளின் ஒடுங்கிய இடைவெளிகளால் வெளியேற வேண்டியிருப்பதால், தடை காரணமாக அமுக்கம் உயர்கிறது. குறித்த ஓர் எல்லையை எட்டியதும் தணிப்பு வால்வு திறந்து மிகை எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும். அதன்பின் வேகம் கூடினும் முள் பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்கும். எண்ணெய் சூடேறி மெலிந்தாலோ, தாங்கிகள் தேய்ந்து இடைவெளி அகன்றாலோ, அதே வேகத்தில் அமுக்கம் தாழும். ஆகவே அமுக்கமானி காட்டுவது தண்டைத் தாங்கும் விசையையன்று; எண்ணெய் ஓட்டத்துக்கும் அதன் தடைக்கும் இடையிலான சமநிலையையே அது காட்டுகிறது.

இவ்வமுக்கம் தண்டைத் தாங்குவதில்லை என்பதனால் அது தேவையற்றதெனக் கொள்ளலாகாது. வேகம் கூடும்போது தாங்கிகள் கூடுதலான எண்ணெயை உள்ளிழுத்து ஓரங்களால் வெளியேற்றுகின்றன. அவ்விழப்பு ஈடுசெய்யப்படல் வேண்டும். மேலும், பெருமுனைத் தாங்கிக்கு எண்ணெய் கிராங்குத்தண்டினுள் இடப்பட்ட துளைகளினூடாகவே செல்கிறது. துளை தண்டின் மையத்தை ஊடறுக்கும் அமைப்பில், எண்ணெய் முதலில் மையநீக்க விசையை எதிர்த்து உள்நோக்கிச் செல்லவேண்டும். இதற்கு வேண்டிய அமுக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். தண்டின் ஆரை 3 சென்ரிமீற்றராயின், நிமிடத்துக்கு 3000 சுற்றில் அது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.4 கிலோகிராம், 6000 சுற்றில் 1.6 கிலோகிராம். மெதுவாக ஓடும்போது போதுமாயிருந்த ஊட்டமுக்கம் விரைவில் போதாமற் போவதற்கு இது ஒரு காரணமாகும். எண்ணெய் வந்து சேராவிடின் ஆப்பு அமைவதற்குப் பொருளே இல்லாது போய்விடும். தாங்கி சில கணங்களிலேயே எரிந்துபோகும்.

உயர் வேகத்தில் வேறோர் இடரும் உண்டு. ரவரின் பரிசோதனையில் பாரம் மாறாதிருந்தது. எஞ்சினிலோ மேலும் கீழும் ஓடும் உறுப்புகளின் சடத்துவத்தால் எழும் விசைகள் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மிகுகின்றன. படலத்தைத் தடிக்கச் செய்யும் அதே வேகம் அதன்மேல் ஏறும் பாரத்தையும் மிகுவிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான போட்டியில், தலைமயிரிலும் பன்மடங்கு மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலத்தை அறாது காப்பதே எஞ்சின் அமைப்போரின் பணியாகும்.

இன்றைய எஞ்சின்களின் பிரதான தாங்கிகள் இரு அரைவட்ட ஓடுகளால் ஆனவை. பெரும்பாலானவற்றில் எண்ணெய்த்துளையும் தவாளிப்பும் பாரம் குறைந்த மேலோட்டிலேயே உள்ளன; எரிதலின் தாக்கத்தை ஏற்கும் கீழோடு வழுவழுப்பாக விடப்பட்டிருக்கும். எண்ணெயைப் பாரமற்ற இடத்திற் புகுத்து, பாரமுள்ள இடத்தில் அதற்குத் தப்பும் வழி வையாதே என்ற பாடமே அது. எட்ஜ்வேர் வீதியில் மரமுளை கற்பித்த பாடம் இவ்வோடுகளின் வடிவிலே நிலைத்திருக்கிறது.

முடிவுரை

1966இல் பிரித்தானிய அரசின் வேண்டுகோளின்படி பீற்றர் ஜொஸ்ற் தலைமையிலான குழு சமர்ப்பித்த அறிக்கை, உராய்வு, தேய்வு, மசகிடல் ஆகியன பற்றி அதுவரை அறியப்பட்டிருந்தவற்றைச் சரிவரக் கையாண்டாலே அந்நாடு ஆண்டுதோறும் 515 மில்லியன் பவுண் மீதப்படுத்தலாம் என மதிப்பிட்டது. றெனோல்ட்சின் ஆய்வுரை வெளியாகி 80 ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலை அதுவாக இருந்தது. அறிவு பிறப்பது ஒன்று. அது தொழிற்சாலையின் பழக்கமாக மாறுவது வேறொன்று.

இவ்வரலாற்றில் மூவகை அறிவு சந்திக்கின்றது. அச்சுக்கு எண்ணெய் வேண்டும் என்ற தொழிலாளரின் பட்டறிவு முதலாவது. அது பயனுள்ளது, ஆனால் துளையைப் பிழையான இடத்தில் இட்டது. அளந்து பார்க்கும் அறிவு இரண்டாவது. அது பிழையைக் காட்டிற்று. ஆனால் காரணத்தைக் கூறவில்லை. காரணத்தைக் கூறிய கொள்கையறிவு மூன்றாவது. றெனோல்ட்சுக்கு ரவரின் எண்கள் கிடையாதிருந்தால் அவரது கொள்கைக்கு உரைகல் இருந்திராது. றெனோல்ட்ஸ் இல்லாதிருந்தால் ரவரின் எண்கள் ஒரு விந்தையாகவே எஞ்சியிருக்கும். பட்டறையும் பல்கலைக்கழகமும் ஒன்றையொன்று புறக்கணிக்குமிடத்து அறிவு பாதியிலேயே நின்றுவிடும் என்பதே இதனாற் பெறப்படுவதாகும்.